கடைசியாக வந்தவருக்கும் முழுக் கூலி

காரவள்ளியைத் தாண்டியதும் பேருந்து முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. மேலே போக இன்னும் 69 வளைவுகள். பக்கத்து இருக்கையில் எங்கள் படிப்பகத்துக்கு வரும் கல்லூரி மாணவி. சேந்தமங்கலம் பக்கத்துக் காலனி ஒன்றில் வீடு. அப்பா பெயிண்டர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மத்திய அரசுத் தேர்வு ஒன்றுக்காகப் புதிதாகச் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் கேட்கும் விவரங்களை ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருந்தார். பெயர், தந்தை பெயர், சாதி, முகவரி எல்லாம் எழுதியாயிற்று. ‘மதம்’ என்ற இடம் மட்டும் காலி.

அவருக்குப் பெயர் இரண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் ஒன்று. இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. நம் காலனிகளில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பெயர் பீரோவுக்குள்ளும் ஒரு பெயர் நாக்கிலும் இருக்கிறது.

“கிருபை எல்லாருக்கும் இலவசம்னு பாஸ்டர் சொல்றாருண்ணா. அதை நம்புறேன்னு இந்த இடத்துல எழுதுனா என் கோட்டா போயிடும். அப்ப யாரு சொல்றது நெசம்?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் பேருந்து ஒடித்துத் திரும்பியது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது வாழவந்தி நாட்டில் இருக்கும் இரண்டு கல்லறைகளைப் பார்க்க. ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின் பிராண்ட். கொல்லிமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் வல்வில் ஓரி, அறப்பளீஸ்வரர், ஆகாய கங்கை அருவி என்று தொடங்கி அன்னாசி, பலா, மிளகோடு முடித்துவிடுவார்கள். இந்த இருவரையும் மலைமக்கள் நினைவில் வைத்திருக்கும் அளவுக்குச் சமவெளிக்காரர்கள் வைத்திருக்கவில்லை.

1913-ல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம். அன்றே மலையேறிவிட்டார்கள். அப்போது ரோடு கிடையாது. நடக்க முடிந்தவர் நடக்கலாம், முடியாதவர் டோலியில் போகலாம். மலையில் மலேரியா. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டு அதிகாரிகள் மேலே தங்க மாட்டார்கள். ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்தவர், ஓவியம் வரைகிறவர். ஜெஸ்ஸிக்கு மருத்துவப் பட்டம் இல்லை, பயிற்சி மட்டும் உண்டு. அதை வைத்துக்கொண்டு சொத்தைப் பல் பிடுங்கினார், சீழ்க்கட்டி கீறினார், குடிதண்ணீர் வழியாக வரும் நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து அறுந்துபோகாமல் மெல்ல மெல்லச் சுற்றி எடுத்தார். தச்சு வேலை, செங்கல் அறுப்பு சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் நடத்தினார். வரி, வட்டி விஷயங்களில் மலைமக்களுக்காக அதிகாரிகளிடம் வாதாடினார். 1929 ஜூனில், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் 44 வயதில் இறந்தார்.

மதப் பிரச்சாரம்தானே நோக்கம் என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம், அதுதான் நோக்கம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் முதல் ஆறேழு ஆண்டுகள் ஒருவர்கூட அவர்களுடைய மதத்துக்கு வரவில்லை. புண்ணுக்கு மருந்து வாங்கிக்கொண்டு மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இவர்களும் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் சமயத் தத்துவம் பேச வேண்டியிருக்கிறது. தமிழ் படித்த எனக்கு இதில் ஒரு ருசி உண்டு, மாணவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். தமிழில் கத்தோலிக்கர் ‘அருள்’ என்பதைப் புராட்டஸ்டண்டுகள் ‘கிருபை’ என்பார்கள். சம்பாதிக்க முடியாதது, தகுதி பார்க்காமல் தரப்படுவது என்று அதற்குப் பொருள். சரி, யாருக்குத் தரப்படுவது? கிறிஸ்தவத்துக்குள்ளேயே இதில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. இயேசு உயிர்விட்டது எல்லாருக்காகவும் அல்ல, கடவுள் முன்னமே தேர்ந்தெடுத்துவிட்டவர்களுக்காக மட்டுமே என்றார்கள் ஒரு சாரார். ஜான் கால்வினின் வழியில் வந்தவர்கள் இவர்கள். இதை எதிர்த்து ஜான் வெஸ்லி 1739-ல் பிரிஸ்டல் நகரில், கிருபை எவருக்கும் தடையில்லாதது என்று ஒரு பிரசங்கமே செய்து அச்சிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், பிராண்ட் தம்பதியை அனுப்பியது ‘எல்லாருக்கும்’ என்ற கட்சி இல்லை. ‘தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டும்’ என்ற கட்சி. 1861-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். அந்தச் சபைகளில் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவருக்கு மட்டுமே திருவிருந்து. அந்தக் கண்டிப்புக்குத்தான் ‘ஸ்டிரிக்ட்’ என்ற பெயர். (பின்னாளில் அந்த மிஷன் ‘கிரேஸ்’, அதாவது கிருபை என்று பெயரையே மாற்றிக்கொண்டது வேறு கதை.) அந்தப் பக்கத்தில் சிலர், தேர்ந்தெடுத்தவர்களைக் கடவுளே பார்த்துக்கொள்வார், ஊர் ஊராகப் போய் அழைப்பது மனிதன் வேலை இல்லை என்றுகூட வாதிட்டார்கள். 1785-ல் ஆண்ட்ரூ புல்லர் என்ற பாப்டிஸ்ட் போதகர் அதற்குப் பதில் எழுதினார். அவருடைய வாதத்தை நம் ஊர் மொழியில் இப்படிச் சொல்லலாம்: பட்டியல் கடவுள் கையில் இருக்கலாம், உன் கையில் இல்லை. அதனால் நீ எல்லார் வாசலுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். எந்த வாசலையும் தள்ளிவிட உனக்கு உரிமை கிடையாது. இந்த வாதத்தின் பிள்ளைகள்தான் 1793-ல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரியும், அவருக்கு 120 ஆண்டுகளுக்குப் பிறகு கொல்லிமலைக்கு வந்த இவர்களும்.

சாதி இதற்கு நேர் எதிரான இடத்தில் நிற்கிறது. பட்டியல் தன் கையில் இருப்பதாக அது நினைக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று பிள்ளை பிறக்கும் முன்பே தனக்குத் தெரியும் என்கிறது.

பிராண்ட் குடும்பத்தைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சம்பவம் இருக்கிறது. மலையில் ஒரு பூசாரி. இவர்களிடம் யாரும் போகக் கூடாது என்று மக்களைத் தடுத்து வந்தவர். முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில் உலகமெங்கும் கோடிக்கணக்கில் உயிரைக் குடித்த இன்ஃப்ளூயன்சா மலைக்கும் வந்தது. பயந்து ஊரே ஒதுங்கியது. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு நோயாளிகளின் குடிசைகளுக்குப் போனார்கள். பூசாரி வீட்டுக்கும் போனார்கள். சாவதற்கு முன் பூசாரி தன் கைக்குழந்தையை அந்த வெள்ளைக்காரத் தம்பதியின் பொறுப்பில் விட்டார். குழந்தை பிழைத்தது. அதற்குப் பிறகுதான் மலையில் ஒருவர் இருவராக அவர்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். ஏழு வருஷப் பிரசங்கத்தால் திறக்காத கதவு ஒரு பானைக் கஞ்சிக்குத் திறந்தது.

அவர்களைத் தேவதூதர்களாக்க எனக்கு விருப்பமில்லை. இவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவர். அவர் தன் சிறுவயது நினைவு ஒன்றை எழுதியிருக்கிறார். ஒரு நாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பிள்ளைகளை விலகிப் போகச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் புண்களைக் கழுவிக் கட்டினார். அம்மா கூடையில் உணவு வைத்துக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடையைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். எந்தப் புண்ணுக்கும் கூசாத அந்த வீட்டில் அன்று ஒரு பயம் நுழைந்ததைச் சிறுவன் பார்த்துவிட்டான். அந்தக் காலத்து மருத்துவ அறிவு அவ்வளவுதான் என்று நாம் விட்டுவிடலாம். ஆனாலும் கையுறை கையுறைதான்.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட அந்தப் பையன், 1946-ல் அறுவைச் சிகிச்சை நிபுணராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் வலுவான தசைகள் இன்னும் உயிரோடு இருந்தன. அந்தப் பிடியிலிருந்து தொடங்கியது அவருடைய ஆராய்ச்சி. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் போவதால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அழிந்துபோகின்றன என்று காட்டினார். தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். நம் வேலூரிலிருந்து உலகம் முழுவதும் பரவிய மருத்துவம் அது. அப்பா கையுறையோடு நிறுத்திய இடத்திலிருந்து மகன் வெறுங்கையோடு தொடர்ந்தார். தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட ஜனங்களின் பிள்ளைகள் நாம். இந்தக் கதை நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

ஈவ்லின் கதை இன்னும் நீளம். வயது எழுபதை நெருங்கும்போது, இனி மலைக்கு அனுப்ப மாட்டோம் என்று மிஷன் சொல்லிவிட்டது. பணி ஓய்வு பெற்றுக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மலைக்குப் போனார். கொல்லிமலை மட்டும் அல்ல, பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்தபோதும் நிறுத்தவில்லை. மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். ‘கிரானி பிராண்ட்’, பிராண்ட் பாட்டி என்று உலகம் அறிந்த அவர் 1974 டிசம்பர் 18 அன்று 95 வயதில் இறந்தார். உடலை மலைக்குக் கொண்டுவந்து கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

மலையில் நடந்தது இது. கீழே என்ன நடந்தது?

தரங்கம்பாடியில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில், ஒரே கூரையின் கீழ் வேளாளக் கிறிஸ்தவருக்கு ஓரிடம், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவருக்கு ஓரிடம். 1833-ல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்கச் சாதியினர் கூட்டமாக வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் குடிப்பதைவிட ஆலயத்தை விட்டுப் போவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டையின் இரண்டு கால்கள் போலப் பிரித்தே கோயில் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்புச் சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. பழைய கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் இடையே மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். பிராண்ட் பாட்டி சுற்றி வந்த கல்வராயன் மலையும் எறையூரும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

என் அம்மாவைப் பெற்ற ஆயா கிறிஸ்தவர். ஊர் பெயர் வேண்டாம். அவர் இறந்தபோது ஊர்க் கோயிலின் சவ வண்டியைக் கேட்டு மாமா போனார். அந்த வண்டி நம் தெருவுக்கு வராது என்று திருப்பி அனுப்பினார்கள். பச்சை மூங்கில் வெட்டிப் பாடை கட்டித் தோளில் தூக்கிப் போனோம். மெயின் ரோடு வழியாக அல்ல, வாய்க்கால் வரப்பில். எனக்குப் பதினோரு வயது. பின்னால் வந்த உபதேசியார் உரக்க ஜெபம் செய்துகொண்டே வந்தார். பரலோகத்தில் பாகுபாடு இல்லை என்று அவர் சொன்னபோது மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் இயேசு சொன்ன ஒரு கதையை மட்டும் என்னால் விட முடியவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடிகாலையில் கடைத்தெருவுக்குப் போய், ஒரு நாள் கூலி பேசி ஆள் கூட்டி வருகிறார். ஒன்பது மணிக்கு, உச்சி வேளையில், மூன்று மணிக்கு மறுபடி போகிறார். பொழுது சாயும் ஐந்து மணிக்கும் போகிறார். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாருமே கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் கூட்டிப் போகிறார். கூலி கொடுக்கும்போது கடைசியாக வந்தவருக்கும் முழு நாள் கூலி. காலையிலிருந்து வேலை செய்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஜான் ரஸ்கின் 1860-ல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இந்தக் கதையிலிருந்துதான் தலைப்பு எடுத்தார். காந்தி அதைக் குஜராத்தியில் ‘சர்வோதயா’ என்று ஆக்கினார்.

போதகர்கள் இதை ஆன்மிகக் கதையாகச் சொல்வார்கள். காலையில் ஆள் பிடிக்கும் இடத்தில் நின்று பழகியவர்களுக்கு வேறு மாதிரி கேட்கும். ஐந்து மணி வரை ஒருவரை யாரும் ஏன் கூப்பிடவில்லை? அவர் சோம்பேறியா? அப்படிக் கதையில் இல்லை. நாளெல்லாம் அங்கேதான் நின்றிருக்கிறார். கூப்பிடாமல் போனது மற்றவர்கள். அவர் வீட்டிலும் அன்று ராத்திரி உலை வைக்க வேண்டும், அந்த உலைக்கு முழு நாள் கூலி வேண்டும். தோட்டக்காரர் அதைப் பார்க்கிறார். கிருபை என்றால் இது என்று யாராவது சொன்னால் எனக்கு மறுப்பில்லை. நம் ஊரில் இதற்கு இட ஒதுக்கீடு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். முணுமுணுப்பும் அப்படியே இருக்கிறது.

இப்போது அந்த மாணவியின் காலி இடத்துக்கு வருவோம். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்குச் சில கல்வி உதவிகள் உண்டு. இட ஒதுக்கீட்டில் மட்டும் பி.சி. பட்டியலுக்குப் போய்விடுவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்து அடிப்பதில்லை.

சென்னையில் பிளாட்பாரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கைச் சட்ட மாணவர்கள் படித்திருப்பார்கள். தெருவோரம் செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை, கிறிஸ்தவர் என்பதால். உச்ச நீதிமன்றம் 1985-ல் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. அதே பிளாட்பாரம், அதே ஊசி, அதே செருப்பு. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தையும் பட்டியல் சாதி அந்தஸ்தையும் பிரித்துவிடச் சொன்னது. 2022-ல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

வாழவந்தியில் கல்லறைகளைக் காட்டக் கூட வந்த மூதாட்டி ஒருவர், அதன் மேல் கிடந்த சருகுகளைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டார். மலையாளி சமூகம். “எங்க அம்மாளுக்குக் காலுல நரம்புச் சிலந்தி. இந்தத் தொரைதான் எடுத்தாராம் தம்பி. எடுக்கறப்ப என்ன சாமி கும்புடறேன்னு கேக்கலையாம்” என்றார். அவர் பேரன் நாமக்கல்லில் படிக்கிறான். பெயர் டேவிட். சான்றிதழிலும் டேவிட்தான்.

மாணவி சட்டென்று கேட்டார், “ஆயா, அப்ப எஸ்.டி. சர்ட்டிபிகேட் குடுத்தாங்களா?”

“குடுக்காம? நாங்க மலையாளிதான சாமி. கும்புடறது மாறுனா மலை மாறிடுமா?”

சட்டத்திலும் அது சரி. 1950-ம் ஆண்டின் பழங்குடிகள் ஆணையில் மதம் பற்றிய பத்தியே கிடையாது. மலைமேல் இருக்கும் டேவிட் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பழங்குடிதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். எழுபது வளைவு கீழே இறங்கினால், அதே சாமியைக் கும்பிடும் இந்தப் பெண் தன் பெயரை பீரோவுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். இரண்டு ஆணைகளும் ஒரே ஆண்டில் வந்தவை.

சாயங்காலப் பேருந்தில் கூட்டம். செம்மேட்டில் பலாப்பழ மூட்டைகளோடு ஏறியவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டே இறங்கினோம். நாற்பதாவது வளைவு வாக்கில் அவருக்கு ஓர் இருக்கை கிடைத்தது. தாளை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டி ஆடுதுண்ணா. வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட கேட்டு எழுதிக்கிறேன்” என்று மடித்து வைத்துவிட்டார். தேர்வுக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.